சாமிக்கு முதுகு காட்டி நின்ன நாலு மாசம்

உக்காருங்க தம்பி, அந்தச் சேர் காலிதானுங்க. சனிக்கெழமை காலையில இந்தக் கடையில தனி மேசை கெடைக்காது. ஆனா நீங்க அந்தப் பக்கமா உக்காருங்க, நான் இந்தப் பக்கம் இருந்துக்கறேன். எனக்கு வாசல் தெரியோணும். பழக்கம், வேறொண்ணுமில்லீங்க.

ஊருக்குப் புதுசுங்களா? மூணு வாரமா? நமக்கு அமெரிக்கா வந்து இருபத்தாறு வருசமாச்சு. சொந்த ஊரு கவுந்தப்பாடி. பேரு சென்னியப்பன். பம்பு கம்பெனியில வேலை, போன வருசத்தோட ரிட்டயர்.

என்ன கேட்டீங்க? பெட்ரோல் போடற எடத்துல ஒருத்தன் இடுப்புல துப்பாக்கி தொங்கறதைப் பாத்துப் பயந்துட்டீங்களா? அட, அவன் தெரியறாப்புல வெச்சிருக்கறவன் தம்பி. அவன்கிட்ட பயம் வேண்டாம். தெரியாம வெச்சிருக்கறவன் ஒருத்தன் இருப்பான் பாருங்க, சட்டைக்குள்ள, வேட்டிக்குள்ள, அவன்கிட்டத்தான் சாக்கிரதையா இருக்கோணும்.

எனக்கெப்படித் தெரியுமா? நானே வெச்சிருந்தனுங்க. கோயிலுக்குள்ள. முருகன் கோயிலுக்குள்ள. வேட்டிக்குள்ள.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சாத்தான் நானும் சொல்ல முடியும்.

நம்ம கோயில் இங்கிருந்து பத்து நிமிசம். முன்னாடி அது பர்னிச்சர் கடை. இன்னைக்கு முருகன் நிக்கற எடத்துல அன்னைக்கு சோபா வித்தாங்க. நாங்க நாப்பது குடும்பம் சேந்து வாங்கி, சிற்பிகளை வரவழைச்சுக் கட்டினோம். ஆனா பாருங்க, அந்தக் கோயில்ல எனக்கு என்ன வேலை? பதினோரு வருசமா கார் நிறுத்தற எடத்துல ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுட்டு நின்னு, "அந்தப் பக்கம் போங்க, இந்தப் பக்கம் போங்க"ன்னு கையாட்டற வேலை. பரிவட்டம் கட்டறதுக்கு டாக்டருங்க இருக்காங்க, மைக் புடிக்கறதுக்கு சாப்ட்வேர்காரங்க இருக்காங்க. பம்புக்காரனுக்கு பார்க்கிங். நான் குறை சொல்லலீங்க. இல்ல, குறைதான் சொல்றேன். அதுல இருந்துதான எல்லாம் ஆரம்பிச்சுது.

முந்தின வருசம் வேற ஸ்டேட்ல ஒரு கோயில்ல, கோயில்னா வெள்ளைக்காரங்க சர்ச்சு, எவனோ புகுந்து சுட்டுட்டான். டிவியில காட்டுனாங்க. அடுத்த வாரமே நம்ம கோயில் செவுத்துல ஆரோ பெயிண்ட்ல கெட்ட வார்த்தை எழுதிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான். கமிட்டி கூடிருச்சு. தலைவர் டாக்டர் ஹேமலதா, பல் டாக்டர். "போலீஸ்காரர் ஒருத்தரை நிறுத்தலாம்"னாங்க ஒருத்தர். "சாமி கும்பிடற எடத்துல யூனிபார்மும் துப்பாக்கியுமா? கொழந்தைங்க பயந்துக்கும்"னு பத்துப் பேரு. சரி, துப்பாக்கி வேணும், ஆனா கண்ணுல படக்கூடாது. அப்படின்னா நம்மாளுங்கள்ல ஒருத்தர் லைசன்ஸ் எடுத்து, ஆருக்கும் தெரியாம வெச்சுக்கட்டும். இப்படி முடிவாச்சுங்க. படிச்சவங்கதான் எல்லாருமே.

"ஆரு வெச்சுக்கறீங்க?"

எல்லாரும் அவங்கவங்க செருப்பில்லாத காலையே பாத்துட்டிருந்தாங்க. நான் எந்திரிச்சனுங்க. "நான் பாத்துக்கறேன்"னேன். பதினோரு வருசத்துல முதல் தடவையா அந்த ரூம்ல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. டாக்டரம்மா எந்திரிச்சு வந்து கை குடுத்தாங்க. தம்பி, அந்தக் கை குடுத்ததுக்காக நான் பீரங்கியே வாங்கிருப்பேன்.

வகுப்புக்குப் போனேன். சுடற டெஸ்ட்ல எரநூத்தம்பதுக்கு எரநூத்தி முப்பத்தொண்ணு. சும்மா சொல்லலீங்க, சொல்லிக் குடுத்தவனே முதுகுல தட்டுனான். காயிதத்துல வரைஞ்ச ஆளை நெஞ்சுலயே பதினாறு தடவை சுட்டேன். காயிதம் திருப்பிப் பாக்காது பாருங்க, அதனால சுலபம்.

வீட்டுல சொல்லல. சம்சாரம் பேரு வசந்தாமணி. எலி செத்துக் கெடந்தாலே ரெண்டு நாளைக்கு அந்த ரூமுக்குள்ள போகமாட்டா. அலமாரியில சின்னதா ஒரு இரும்புப் பெட்டி வாங்கி வெச்சேன். "இதென்னங்க?"ன்னா. "பாஸ்போர்ட் வெக்க"ன்னேன். "அப்ப என் பாஸ்போர்ட்டையும் வெச்சுருங்க"ன்னு நீட்டுறா. வெச்சேன். ரெண்டு பாஸ்போர்ட்டு, நடுவுல அது.

நவராத்திரி ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் எனக்கு முதல் டூட்டி. இப்பத்தான் சோதனையே. இந்த ஊர்க்காரன் பேன்ட்டுக்குத் தகுந்தாப்புல உறை செய்யறான். வேட்டிக்கு ஆரு செய்வா? நம்மூர் பச்சை பெல்ட் இருக்குதுங்களே, அதைக் கட்டி, அதுல உறையை மாட்டி, மேல தொளதொளன்னு ஜிப்பா. உறையிலயும் ஒரு யோசனை. நல்ல உறைன்னா தோல்ல வரும். கோயிலுக்குள்ள தோல் கொண்டு போகலாமா? பர்ஸையே கார்ல வெச்சுட்டுப் போறவன் நான். அதனால தேடிப்புடிச்சு பிளாஸ்டிக் உறையா வாங்குனேன். ஆகமத்துக்கு நம்மால ஒரு கொறை வந்துரக்கூடாதுங்களே. உள்ள இருக்கறதைப் பத்தி யோசிக்கவே இல்ல. உறை பிளாஸ்டிக், மனசு சுத்தம்.

ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழட்டி வேற ஆளுகிட்டக் குடுத்தாச்சு. நான் உள்ள, மண்டபத்துத் தூணோரம். வாசலைப் பாத்து நிக்கோணும். வாசலைப் பாத்து நின்னா சாமி முதுகுக்குப் பின்னால. தீபாராதனை ஆகும், மணி அடிக்கும், எல்லாரும் கன்னத்துல போட்டுக்குவாங்க, நான் ஷூ ரேக்கைப் பாத்துட்டிருப்பேன். ஆறடி உயர முருகனுக்கு நிலைமாலை சாத்திருப்பாங்க, எனக்குத் தெரியாது. கற்பூரம் எரியறது எதிர்ல கண்ணாடிக் கதவுல தெரியும். அதைப் பாத்துக் கும்புட்டுக்குவேன். நாலு மாசம் சாமி மூஞ்சியப் பாக்கலீங்க. ஆனா மனசுக்குள்ள என்ன நெனப்புங்கறீங்க? எங்கூர் எல்லையில முனியப்பன் கண்ணை உருட்டிட்டு உக்காந்திருப்பாரு. அவரு மாதிரி நானுன்னு ஒரு நெனப்பு. நெனப்புக்கென்ன.

விழுந்து கும்பிடறது அதோட நின்னுபோச்சு. எப்படி விழறது? வயித்துக்கடியில இரும்பு. ஒரு தடவை கொடிமரத்துக்கிட்ட பழக்கதோசத்துல குனிஞ்சு, பாதியில ஞாபகம் வந்து, அப்படியே கோழி மாதிரி நின்னேன். வசந்தாமணி பாத்துட்டா.

"என்னங்க, ஏன் விழுந்து கும்பிடறதில்ல இப்பல்லாம்?"

"முட்டி வலிக்குது."

சொல்லிட்டேன். அவ்வளவுதான். அன்னையில இருந்து தெனமும் ராத்திரி நல்லெண்ணெயைக் காய்ச்சி, கல்லுப்பு ஒத்தடம் குடுத்து, ரெண்டு முட்டிக்கும் தேச்சு விட்டா. ஊர்லேர்ந்து தைலம் வரவழைச்சா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்தாச்சு. அந்த டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, "உங்க வயசுக்கு அருமையான முட்டி"ங்கறான். இவ நம்பல. "இந்த ஊர் டாக்டருக்கு என்ன தெரியும்"னு இன்னும் ரெண்டு கரண்டி சேத்துத் தேச்சா.

கூட்டாளிங்க கட்டிப்புடிக்க வந்தா ஒரு அடி பின்னால போவேன். ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டாங்க. சோறு பரிமாற எடத்துல குனிய முடியாது. தரையில உக்காந்து சாப்பிட முடியாது, நின்னுட்டே தயிர்சாதம். இத்தனையும் எதுக்கு? ஒருத்தனும் வரல. நாலு மாசத்துல கோயிலுக்குள்ள புகுந்த ஒரே எதிரி ஒரு அணிலு. அதையும் குருக்கள் துண்டை வீசியே தொரத்திட்டாரு.

உள்ளதைச் சொல்லட்டுங்களா தம்பி? ஆரும் வரலையேன்னு எனக்கு லேசா ஒரு வருத்தம் இருந்துச்சு. இதை நான் போலீஸ்கிட்டச் சொல்லல, வக்கீல்கிட்டச் சொல்லல. உங்ககிட்டச் சொல்றேன். உங்களை இனிமே பாக்கவா போறேன்.

தைப்பூசம் வந்துச்சு. எந்த நாள்ல வந்தாலும் இங்க சனிக்கெழமைதான் வெப்பாங்க. வெளிய நல்ல குளிரு, தரையெல்லாம் உறைபனி. உள்ள முந்நூறு பேரு. பால்குடம் எல்லாம் வந்து சேந்து அபிஷேகம் முடியற நேரம். நான் தூணோரம். அப்பப் பாத்துப் பக்கவாட்டுக் கதவு தொறக்குதுங்க. மடப்பள்ளிப் பக்கத்துக் கதவு. அது வழியா ஆரும் வரமாட்டாங்க.

ஒரு ஆளு. கறுப்பு ஜாக்கெட், தலையில முக்காடு மாதிரி தொப்பி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். பூட்ஸோட உள்ள வர்றான். முதுகுல பை. ஆரையும் பாக்கல, சந்நிதியவே பாத்துட்டு வேகமா நடக்கறான். பையை முன்னால இழுக்கறான். ஜிப்பைத் தொறந்து உள்ள கையை விடறான்.

எனக்குக் காது அடைச்சுப் போச்சு தம்பி. நாதஸ்வரம் ஊதிட்டிருக்காங்க, எனக்குக் கேக்கல. வகுப்புல சொல்லிக் குடுத்தது ஒண்ணும் நெனவுல வரல. கை தானாப் போச்சு. ஜிப்பாவைத் தூக்கி, வெடுக்குன்னு உருவுனேன். பெல்ட்டுக் கொக்கி பட்டுன்னு விட்டுப்போச்சு, அது அப்பத் தெரியல. ரெண்டு கையிலயும் புடிச்சு நீட்டிட்டேன். நீட்டிட்டு நான் சொன்னது என்னங்கறீங்க? "நில்லு"ன்னு சொல்லல. "சுட்டுருவேன்"னு சொல்லல. "பூட்ஸைக் கழட்டு!"ன்னு கத்தினேன். இங்கிலீஷ்ல.

அந்தாளு திரும்பிப் பாத்தாரு. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். நம்மாளு. பையில இருந்து பாதி வெளிய வந்த கையில வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் கேன். கடையில விக்கற அரை காலன் பால். என் கையில இருந்ததைப் பாத்தாரு. பால் கேனை விட்டுட்டாரு. அது விழுந்து வாய் தொறந்து குபுகுபுன்னு தரையில ஓடுது. அவரு ரெண்டு காலையும் மடக்கி மண்டிபோட்டு, விரலைக் கோத்து ரெண்டு கையையும் தலைக்குப் பின்னால வெச்சு, தலையைக் குனிஞ்சுட்டாருங்க. அத்தனையும் நான் ஒரு தடவை மூச்சு விடறதுக்குள்ள. ஆரும் சொல்லல. நான் அதைச் சொல்லவே இல்ல.

"அண்ணை, சுடாதேங்கோ. கும்பிட வந்தனான்."

சத்தமே இல்லாம சொன்னாரு. ஆஸ்பத்திரியில பேசற மாதிரி.

அதுக்குள்ள சனம் பாத்துருச்சு. ஒரே அலறல். தேங்காய் உருளுது, ஆளுங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து ஓடறாங்க. நான் மட்டும் நீட்டுன கையோட நிக்கறேன். எறக்கத் தெரியல. கை எறங்க மாட்டேங்குது. அப்ப வசந்தாமணி வர்றா. கையில அர்ச்சனைத் தட்டு. என் பக்கத்துல வந்து நின்னா. எலியைப் பாத்து ஓடறவ.

"இதுல வைங்க"ன்னா.

வெச்சேன். தேங்காய்மூடிக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவுல. தட்டை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, பிரசாதம் கொண்டு போற மாதிரி மெதுவா நடந்து மடப்பள்ளிக்குப் போனா. காலியா இருந்த சாம்பார் அண்டாக்குள்ள தட்டோட எறக்கி, மூடியப் போட்டு, மேல ஏறி உக்காந்துட்டா. போலீஸ் வந்து எந்திரிக்கச் சொல்ற வரைக்கும் எந்திரிக்கலையாம்.

அந்த மனுசன்கிட்ட நான் போனனுங்க. "எந்திரிங்க, எந்திரிங்க"ன்னு கையைப் புடிச்சுத் தூக்கறேன். "இனிப் பொலிஸ் வரும் அண்ணை. ஓடாதேங்கோ. அசையாம நில்லுங்கோ"ங்கறாரு. எனக்கு அவரு சொல்றாருங்க.

ஆறே நிமிசத்துல வந்துட்டாங்க. ஆரோ போன் பண்ணி, "கோயில்ல துப்பாக்கியோட ஒருத்தன்"னு சொல்லிருக்காங்க. சரியாத்தான் சொல்லிருக்காங்க. நாலு போலீஸ், நாலு துப்பாக்கி, முன்கதவுல. "துப்பாக்கி ஆருது?"ன்னு கத்தறாங்க. கூட்டமே என்னை நோக்கி விரல் நீட்டுது. டாக்டரம்மா விரலும்.

"கையைத் தூக்கு!"

தூக்குனேன். தூக்குன உடனே வேட்டி நழுவுது. பெல்ட்டுதான் விட்டுப்போச்சுங்களே. அறுவது வயசு மனுசன், முந்நூறு பேரு நிக்கறாங்க, பொம்பளைங்க நிக்கறாங்க. கை என்ன பண்ணும்? வேட்டியப் புடிக்க இடுப்புக்குப் போச்சு.

தம்பி, அந்த நாலு துப்பாக்கியும் சொடக்குப் போடற நேரத்துல என் நெஞ்சுக்கு வந்துச்சு. கத்தறாங்க, என்ன கத்தறாங்கன்னு புரியல. எனக்கு வேட்டிதான் கவலை. அப்பப் பின்னால இருந்து அந்த மனுசன் குரலு. இப்பச் சத்தமா.

"வேட்டியை விடுங்கோ அண்ணை! விழுந்தா விழட்டும்! கையைத் தூக்குங்கோ!"

விட்டேன். விழுந்துச்சு.

"மெதுவா முழங்காலில இருங்கோ. ஒரு கால், பிறகு மற்றக் கால். விரலைக் கோத்துத் தலைக்குப் பின்னால. திரும்பாதேங்கோ. என்னைப் பாக்க வேண்டாம், நிலத்தைப் பாருங்கோ. அவ்வளவுதான், அவ்வளவுதான் அண்ணை."

அவரும் கையைத் தூக்கிட்டுத்தான் நிக்கறாரு. நின்னுட்டே, போலீஸ்காரங்களைப் பாத்து இங்கிலீஷ்ல, "துணி சார், அது வெறும் துணி"ன்னு திருப்பித் திருப்பிச் சொல்றாரு. நான் பட்டாபட்டி டவுசரோட, பெல்ட்டும் காலி பிளாஸ்டிக் உறையும் வேட்டியோட கீழ கெடக்க, சிந்துன பாலுக்குள்ள மண்டி போட்டிருக்கேன். சில்லுன்னு இருந்துச்சுங்க. நல்லா வழவழன்னு. முட்டி ஒண்ணும் வலிக்கல.

விலங்கு போட்டாங்க. அப்பறம் விசாரணை. கோயிலை மூடி மஞ்சள் நாடா கட்டிட்டாங்க. எங்க ரெண்டு பேரையும் வெளிய பெஞ்சுல ஆளுக்கொரு மூலையில உக்கார வெச்சிருந்தாங்க. போலீஸ்காரன் அவருகிட்டக் கேக்கறான், "இந்தாளு உன்னைச் சுடப் பாத்திருக்கான். புகார் குடுக்கறியா?"ன்னு.

அவரு யோசிச்சுட்டு, "வேண்டாம். அவர் பயந்துபோனார்"னாரு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த நெலமையிலயும் சுருக்குன்னுதுங்க. பயமா? எனக்கா? நாலு மாசம் காவல் நின்னவனைப் போயி! நான் வாயைத் தொறக்கப் போனேன், பல்லு தடதடன்னு ஆடுது. மூடிக்கிட்டேன்.

போலீஸ்காரன் அந்தப் பக்கம் போனதும் கேட்டேன். "உங்களுக்கு எப்படிங்க இது… இந்த மாதிரி மண்டி போடறது…"

"பத்தொன்பது வயசில இருந்து பழக்கம் அண்ணை. அப்ப எங்கட ஊரில சந்திக்குச் சந்தி ஆமி மறிச்சா இதுதான்."

பேரு குகதாசன். ஊரு யாழ்ப்பாணத்துப் பக்கம். இங்க பெரிய லாரி ஓட்டறாரு. அந்தக் காலத்துல அவரை ஆரோ புடிச்சுட்டுப் போயிட்டாங்க, எட்டு மாசம் எங்கிருக்காருன்னே தெரியல. அவங்கம்மா, புள்ளை உசுரோட வந்தா வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பால் ஊத்தறேன்னு முருகனுக்கு நேந்துக்கிட்டாங்களாம். புள்ளை வந்துச்சு. அம்மா போயிட்டாங்க. அந்த நேத்திக்கடனை இவரு புடிச்சுக்கிட்டாரு. லாரி எந்த ஊர்ல நிக்குதோ, அந்த ஊர்ல முருகன் எங்கிருக்காருன்னு தேடிப் போயிருவாராம். அன்னைக்கு ராத்திரி முழுக்க ஓட்டி வந்திருக்காரு. அபிஷேகம் முடியப் போகுதுன்னு, பாலை ஆருகிட்டயாவது குடுத்துட்டு வந்து பூட்ஸைக் கழட்டிக்கலாம்னு ஓடி வந்திருக்காரு. முன்கதவு எங்கிருக்குன்னு தெரியல.

சுட்டுப் போட்டுருவாங்களோன்னு அம்மா நேந்துக்கிட்ட பாலு. அதை ஊத்த வந்த எடத்துல நான்.

"இப்ப பாலுக்கு என்னங்க பண்றது?"ன்னு கேட்டேன். அவரு மூடின கதவைப் பாத்தாரு. கடியாரத்தைப் பாத்தாரு. சாயங்காலத்துக்குள்ள சரக்கு எறக்கோணுமாம். வசந்தாமணிகிட்ட மட்டும் "போயிட்டு வாறன் அக்கா"ன்னுட்டு, பெரிய ரோட்டுல நிறுத்திருந்த லாரியைப் பாத்து நடந்து போயிட்டாரு. அந்த வருசம் அவரு பால் ஊத்தல.

எனக்கு அன்னைக்கு ராத்திரி லாக்கப்பு, காலையில ஜாமீன். கேஸ் ஆறு மாசம் நடந்துச்சு. குகதாசன் என் மேல தப்பில்லேன்னு லெட்டர் எழுதிக் குடுத்தாரு. அதனால ஜெயில் இல்ல. லைசன்ஸ் போச்சு. கோவத்தை அடக்கறதுக்கு ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னாங்க. எனக்குக் கோவமே வரலையேன்னேன். பயத்தை அடக்கறதுக்கு வகுப்பு இல்லையாம்.

கமிட்டி கூடுச்சு. "கோயிலுக்குள்ள ஒருத்தர் துப்பாக்கி வெச்சிருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது"ன்னு தீர்மானம் போட்டாங்க. ஒருமனதா. ஆருக்கும் தெரியக்கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணுனவங்கதான, அதுல சுத்தமா இருந்தாங்க. இப்ப யூனிபார்ம் போட்ட போலீஸ்காரர் வாசல்ல நிக்கறாரு. கொழந்தைங்க அவருகூட நின்னு போட்டோ எடுக்குது. அவருக்குப் பொங்கல்னா உசுரு.

வசந்தாமணி திட்டலீங்க. திட்டிருந்தா நல்லாருந்திருக்கும். ஜாமீன்ல வந்த அன்னைக்கு வீட்டுக்குள்ள நொழையறேன், அந்தத் தைல பாட்டிலைக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்கா. "நாலு மாசம் முட்டிக்கு எண்ணெய் தேச்சனே"ன்னா. அவ்வளவுதான். துப்பாக்கியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல. இப்ப நெசமாவே வலது முட்டி வலிக்குது தம்பி. ஆருகிட்டச் சொல்றது?

சங்கரமூர்த்தி குருக்கள்கிட்டப் போயி நின்னேன். "சாமி, இதுக்கு என்ன பரிகாரம்?"னு கேட்டேன். ஏதாவது விளக்குப் போடச் சொல்லுவாரு, நூத்தியெட்டுச் சுத்துச் சுத்தச் சொல்லுவாருன்னு. அவரு வெபூதித் தட்டைக் கீழ வெச்சுட்டு, "கோயிலுக்கு நான் சாந்தி பண்ணிட்டேன். உங்களுக்கு என்ன பண்றதுன்னு நேக்குத் தெரியல. நீங்க அந்த மனுஷர்ட்டன்னா கேக்கணும்"னாரு.

குகதாசன் நம்பரு வசந்தாமணிகிட்டத்தான் இருந்துச்சு. அவகிட்டத்தான் குடுத்துட்டுப் போயிருக்காரு. கெஞ்சி வாங்குனேன். கூப்பிட்டேன். நல்லாத்தான் பேசுனாரு. மாசம் ஒருக்கா கூப்பிடுவேன். லாரி ஓடற சத்தம் கேக்கும். "கோவமா இருக்கீங்களா?"ம்பேன். "அப்பிடி ஒண்டும் இல்லை அண்ணை"ம்பாரு. ஒருக்கா பஞ்சாமிர்தம் தபால்ல அனுப்பினேன். வழியில ஒழுகி, தபால்காரன் பொட்டலத்தை எறும்போட கொண்டுபோய்க் குடுத்திருக்கான். "வேண்டாம் அண்ணை, சிரமப்படாதேங்கோ"ன்னாரு. நான் புடிச்சா விடமாட்டேன். அதுதான் நம்மகிட்ட இருக்கற நல்ல கொணம்.

போன மாசம் கூப்பிட்டேன். "இந்தத் தைப்பூசத்துக்கு நீங்க நம்ம கோயிலுக்கு வந்தே ஆகோணும். அந்த முருகனுக்கு உங்க பாலு பாக்கி இருக்குது. ஒண்ணும் பயப்படாதீங்க, வாசல்ல நானே நின்னு, கூடவே உள்ள கூட்டிட்டுப் போறேன்"னேன்.

வண்டியை ஓரங்கட்டுனாரு போல. லாரிச் சத்தம் நின்னுபோச்சு.

"அண்ணை, ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியளே?"

"சொல்லுங்க."

"வாசலில நீங்கள் நிக்காட்டி வாறன்."

அவ்வளவுதானுங்க சொன்னாரு. குரல்ல கோவமே இல்ல. கூச்சமாத்தான் சொன்னாரு, ஆரோ வீட்டுல போயி தண்ணி கேக்கற மாதிரி. "உங்களில எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை. ஆனா உங்களைக் கண்டா என்ர கை தானாத் தலைக்குப் பின்னால போகப் பாக்குது. கும்பிடக் கை வேணுமே அண்ணை"னாரு.

நான் "சரிங்க"ன்னேன். "அன்னைக்கு நான் ஊர்லயே இருக்கமாட்டேன்"னு சொல்லிட்டேன்.

இன்னைக்குத் தைப்பூசம் தம்பி. ஒம்பது மணிக்கே அபிஷேகம் ஆரம்பிச்சிருப்பாங்க. காலையில வசந்தாமணியைக் கோயில் வாசல்ல எறக்கிட்டு நான் இங்க வந்துட்டேன். ஊரை விட்டுப் போறேன்னு சொன்னேன், போகல. பத்து நிமிசத் தூரம்தான். ஆனா அவருக்குத் தெரியவா போகுது? அவரு கெளம்புனதும் அவ போன் பண்ணுவா. அப்பறமா நான் போயி… இருங்க. இருங்க, அவதான் கூப்பிடறா.

சொல்லு அம்மிணி. ம்… வந்துட்டாரா? ம்… முன்கதவு வழியாவா? போலீஸ்காரர் ஒண்ணும் கேக்கலையே? ம்… ஊத்தியாச்சா? அவரு கையாலயே குடுத்தாரா? நீ பாத்தியா? எப்படி இருந்துச்சு? ம்… ம்… சொல்லு, கேக்குது, சொல்லு… தலையில இருந்து பாதம் வரைக்குமா… ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. மூக்குல சளி. இந்தக் கடையில கதவைத் தொறந்து போட்டுக் குளிரை உள்ள விடறானுங்க.

சரி, கெளம்பிட்டாரா? நான் வரட்டுமா?

ஓ. சாப்பிட உக்காந்திருக்காரா? பந்தியிலயா? தரையிலயா? நல்லது, நல்லது. நீ பக்கத்துல நின்னு கவனிச்சுக்க. ரெண்டாந்தடவை வடை கேளு, கூச்சப்படுவாரு. அவசரப்படுத்தாத. என்னைப் பத்திக் கேட்டா ஊர்ல இல்லேன்னு சொல்லு. வெச்சுடறேன்.

சாப்பிடறாராம் தம்பி. எலையில பாயசம் வரைக்கும் எல்லாம் இருக்குதாம். சாப்பிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே மண்டபத்துல சாஞ்சு உக்காந்துட்டுப் போகட்டும். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்த மனுசன்.

உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்களே? இன்னொரு காபி சொல்றேன், குடிங்க. நாம இங்கயே இருப்போம்.